காப்பு

எக்ஸ்ரே அறையின் சுவர் மூன்று மரப்பெட்டிகளில் வந்து சேர்ந்தது. வெள்ளைப் பீங்கான் ஓடுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் எண் எழுதி, இடையில் காகிதம் வைத்து அடுக்கியிருந்தார்கள். சாத்தூர்ப் பக்கம் ஒரு சிறிய நர்சிங் ஹோம் அது. இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டப் போகிறார்களாம்.

எங்கள் ஆய்வகத்துக்குச் சுவர்கள் இப்படித்தான் வரும். கதிர் புழங்கிய எந்தக் கட்டடத்தையும் இடிக்கும் முன் அதன் சுவரைப் படித்துவிட வேண்டும் என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகின்றன. தொழிற்கூடங்களின் சுவர்கள் எளிது. வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று கதிர் பாய்ச்சிப் பார்த்த குழாய்கள் வரிசையாகத் தெரியும். எப்போதாவது, நிற்கக் கூடாத இடத்தில் நின்ற ஒருவர் தெரிவார். அவருடைய குடும்பத்துக்கு ஒரு சான்று அனுப்புவோம். ஆஸ்பத்திரிச் சுவர்கள்தான் எனக்குக் கடினம். அங்கே நின்றவர்கள் எல்லோரும் நிற்கச் சொல்லி நின்றவர்கள்.

இந்தச் சுவரைப் பார்க்க ஒருவர் மனுக் கொடுத்திருந்தார். பாக்கியத்தாய் அம்மாள். அந்த நர்சிங் ஹோமில் ஒரு காலத்தில் ஆயாவாக இருந்தவர். மகளைக் கூட்டிக்கொண்டு, நான் ஆய்வகத்தைத் திறப்பதற்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார்.

மகள் காளீஸ்வரி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுடைய இடது கை, மணிக்கட்டைத் தாண்டியதும் சிறிய உருண்டையாக முடிந்திருந்தது. விரல்கள் இல்லை. நான் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பினேன். அவள் கவனித்துவிட்டாள்.

“நல்லாவே பாருங்க மேடம். அஞ்சுக்கு மேல விரல் விட்டு எண்ணத் தெரியாத கணக்கு டீச்சர்னு பிள்ளைங்க எனக்குப் பேர் வெச்சிருக்கு.”

“சும்மா இருடீ,” என்றார் அம்மா. அதைக்கூட மகளின் கையைப் பார்த்தேதான் சொன்னார்.

ஓடுகளை உலைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் எட்டிப் பார்த்தார்.

“சுவரு எப்பிடித் தாயி ஞாபகம் வச்சிருக்கும்?”

“பீங்கானுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குழி இருக்கும்மா. எக்ஸ்ரே படும்போது எலக்ட்ரான் அதுல விழுந்து மாட்டிக்கும். வருசக்கணக்கா அப்படியே கிடக்கும். சூடு பண்ணினா வெளிய வரும். வரும்போது துளி வெளிச்சம் விடும். அந்த வெளிச்சத்தைப் படம் பிடிச்சா, எங்க கதிர் பட்டுச்சு, எங்க யாரோ நின்னு மறைச்சாங்கன்னு தெரியும்.”

“அம்புட்டும் ஒண்ணு மேல ஒண்ணாக் கெடக்குமே?”

“கொஞ்சம் கொஞ்சமா சூடு ஏத்துவோம். கடைசியா விழுந்தது முதல்ல வரும். முதல்ல விழுந்தது கடைசியா வரும்.”

“ஓ, டவுன் பஸ்ஸு மாதிரி,” என்றார். “கடைசியா ஏறுனவன் படியில தொங்கிக்கிட்டு மொதல்ல எறங்குவான்.”

இதைவிட நன்றாக நான் யாருக்கும் விளக்கியதில்லை.

“ஒரு தடவை படிச்சா சுவர்ல அழிஞ்சிரும். எங்ககிட்ட படம் இருக்கும், ஆனா ஓட்டுல இருக்காது,” என்றேன். “உங்களுக்கு என்ன தெரியணும்னு சொன்னா அதைத் தேடுறது சுலபம்.”

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

“அப்ப எங்கூர்ல பிள்ளைகளுக்கெல்லாம் பிரைமரி காம்ப்ளெக்ஸு, அதான் சின்னப் பிள்ளைகளுக்கு வர்ற டி.பி. சளி பிடிச்சாப் போதும், நெஞ்சப் படம் எடுன்னுருவாக. பிள்ளை நிக்குமா? அலறும். யாராச்சும் அமுக்கிப் பிடிக்கணும். தாய்மாரை உள்ள விட முடியாது. வயித்துல இருக்கான்னு கேப்போம். பாதிப் பேருக்கு இருக்கும். மீதிப் பேருக்கு இருக்கான்னே தெரியாது. அதனால நாந்தான் பிடிப்பேன். ஈயத்துல ஒரு அங்கி உண்டு, தூக்க முடியாது. ஆஸ்பத்திரிக்கே ஒண்ணுதான். அதப் போட்டுக்கிட்டுப் பிடிப்பேன்.”

“உங்களை யாரும் கேக்கலையா?”

“என்னத்தக் கேக்க? கல்யாணமாகி எட்டு வருசம் ஒண்ணுமில்லாதவ நான். எங்கிட்டப் போயி வயித்துல இருக்கான்னு கேட்டா, கேக்குறவுக வாய் கூசாது?”

எட்டாம் வருடம் ஆடிக் கடைசி வெள்ளியன்று ஊரோரத்து வெயிலுகந்தம்மன் கோயிலில் அவருக்குக் காப்புப் போட்டார்கள். செம்புக் காப்பு. பிள்ளை வேண்டுகிற பெண்கள் போட்டுக்கொள்வது. பிள்ளை பிறந்து தொட்டில் கட்டும்வரை கழற்றக் கூடாது. ஆவணியில் ஒரு முறை மாதவிலக்காகித் தலைக்கு ஊற்றினார். புரட்டாசியில் இல்லை. வைகாசியில் காளீஸ்வரி பிறந்தாள், விரல்கள் இல்லாமல்.

“எக்ஸ்ரே எடுக்கிறவன் ஞானராஜுன்னு ஒருத்தன். காப்பப் பாத்ததும் மொகம் மாறிருச்சு. ‘கையில செம்பப் போட்டுக்கிட்டு எக்ஸ்ரே ரூமுக்குள்ள வர்றியே, படம் கெட்டுப் போகும், கழட்டு’ன்னான். கழட்ட முடியாதுன்னேன். ‘அப்ப வெளிய போ’ன்னான். கழுத்துல சிலுவை போட்டவனுக்கு எங்காத்தா காப்பு கண்ணக் குத்துதுன்னு நான் வஞ்சேன். அதுக்கப்பறம் எங்களுக்குள்ள பேச்சே கெடையாது. வெளிய பெஞ்சுல உக்காந்து பேரு கூப்பிடுறதுதான் என் வேலை. கதவுல ஒரு கண்ணாடிச் சதுரம் இருக்கும், அது வழியா உள்ள தெரியும். அதையும் நான் எட்டிப் பாக்கக் கூடாதுன்னு, அந்த ஈய அங்கிய எடுத்துக் கதவுல மாட்டிப்புட்டான். அம்புட்டு வன்மம்.”

“அப்ப நீங்க உள்ள போகவே இல்லையேம்மா.”

“அதான தாயி தெரியணும். அவன் வெரட்டுனது காப்புப் போட்ட அன்னிக்கேவா, வயிறு தெரிஞ்ச பெறகா? எத்தன வருசமாச்சு, எனக்குக் கொழம்பிப்போச்சு. வேலை போயிருமேன்னு காப்ப ரவிக்கைக் கைக்குள்ள ஏத்தி விட்டுக்கிட்டு நின்னேனோ? அப்பிடி ஒரு கனவு வருது. பிள்ளையப் பிடிச்சிருக்கேன், காப்பு இங்க இறுக்குது.” இடது மேற்கையைத் தொட்டுக் காட்டினார். “ரவிக்கைக்குள்ள இருந்தாலும் உன் படத்துல தெரியும்ல?”

“தெரியும். ஆனா அம்மா, நீங்க நின்னிருந்தாக்கூட, அந்த அளவுக் கதிருக்கு விரல் போகாது. காரணமே இல்லாமலும் இப்படிப் பிறக்கும்.”

“போகும், போகாதுன்னு நான் கேக்கல. நின்னேனா, இல்லியா? அத மட்டும் சொல்லு.”

உலையை மூட்டிவிட்டுக் கணிப்பொறி அறைக்குப் போகும்போது காளீஸ்வரி என் பின்னாலேயே வந்தாள். நடைவழியில் நிறுத்தினாள்.

“மேடம், ஒரு உதவி. எங்கம்மா எங்கிட்டப் பேசும்போது பாத்தீங்கல்ல? கையைத்தான் பார்ப்பாங்க. என் மூஞ்சியப் பார்த்துப் பேசி எனக்கு ஞாபகமே இல்ல. சுவர்ல இவங்க நின்னதா வந்துச்சுன்னா, இனிமே கையைப் பாக்கவும் தைரியம் வராது.” குரலைத் தாழ்த்தினாள். “எது வந்தாலும் ஒண்ணுமில்லன்னு சொல்லிடுங்க. காப்புப் போட்ட கை எங்கயும் இல்லன்னு. அவங்களுக்குப் படம் பார்த்தா என்ன புரியப் போகுது?”

நான் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. பேசத் தயங்குகிறவர்களின் மௌனத்தை எல்லோரும் சம்மதமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். என் கையை ஒரு முறை அழுத்திவிட்டு அம்மாவை அழைத்து வரப் போனாள்.

திரையில் முதல் அடுக்கு வந்தது. ஒரு அடுக்கில் பல நாட்களின் படங்கள் கலந்து கிடக்கும். அசைந்தவை மங்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நின்றவை அழுத்தமாகத் தெரியும். நடுவில் ஒரு கறுப்புச் செவ்வகம்.

“அது என்ன தாயி?”

“ஃபிலிம் வைக்கிற பெட்டி. குழந்தை அதுக்கு முன்னாடி இருக்கும்.”

“பிள்ளைகளக் காணோமே.”

“குழந்தைங்க படத்துக்குள்ள போயிட்டாங்கம்மா. பெட்டிக்கு வெளிய நின்னவங்கதான் சுவர்ல இருக்காங்க.”

செவ்வகத்தின் இரண்டு பக்கமும் அவர்கள் இருந்தார்கள். ஈய அங்கி போட்ட உடம்பு இரும்புக் கதவு மாதிரி கறுப்பாக. அதிலிருந்து நீளும் இரண்டு கைகள். அங்கிக்கு மேலே தெளிவில்லாத முகம். அடுக்குக்கு அடுக்கு ஆள் மாறியது. ஒருத்தி குட்டை. ஒருத்திக்கு மூக்குத்தி இருந்தது.

“இவ மாரியக்கா,” என்றார் பாக்கியத்தாய். “நான் வேலைய விட்ட பெறகு வந்தவ.”

வலது ஓரத்தில், ஆள் உயரத்தில், ஒரு சிறிய வளையம் அதுவரை வந்த எல்லா அடுக்குகளிலும் துல்லியமாகத் தெரிந்தது. ஆணியில் மாட்டிய சாவி வளையமாக இருக்கும் என்று நினைத்து ஓரத்தைத் திரையிலிருந்து வெட்டிவிட்டேன். கைகள்தான் எங்களுக்கு வேண்டும்.

சூடு ஏறியது. மாதங்கள் பின்னால் போயின. நான் கணக்கிட்டுச் சொன்னேன்: “வைகாசி கிட்ட வந்துட்டோம். இனிமேதான் கவனிக்கணும்.”

அம்மா நாற்காலியைத் திரைக்கு முன் இழுத்துப் போட்டுக்கொண்டார். மகள் என்னைப் பார்த்தாள்.

அடுத்த அடுக்கில் ஆள் மாறியிருந்தது. உயரம் அதிகம். ஒரு கை குழந்தையின் பக்கம் நீண்டிருந்தது. இன்னொரு கை பக்கவாட்டில் போய் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது. அதிலிருந்து சுருள் சுருளாக ஒரு கம்பி கீழே இறங்கியது. எக்ஸ்ரே இயந்திரத்தின் சுவிட்ச். ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தானே அழுத்தியிருக்கிறார். உடம்பில் அந்த இரும்புக் கதவுக் கறுப்பு இல்லை. விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நெஞ்சுக்குழியில் ஒரு சிறிய சிலுவை.

“ஞானராஜு,” என்றார் அம்மா.

அடுத்த அடுக்கிலும் அவர்தான். அதற்கு முந்தைய மாதமும் அவர்தான். சித்திரை, மாசி, தை, கார்த்திகை. நான் நிறுத்தி நிறுத்திப் பெரிதாக்கினேன். மேற்கை, முழங்கை, மணிக்கட்டு. வேறு யாருடைய கையும் இல்லை. புரட்டாசி. ஆவணி. ஒரே உயரம், அதே விலா எலும்புகள்.

ஆடியில் மறுபடி இரும்புக் கதவு வந்தது. ஈய அங்கி போட்ட ஒரு சிறிய உடம்பு. நீண்ட இரண்டு மெலிந்த கைகள். வெறும் கைகள்.

“அது நான்,” என்றார் அம்மா. “காப்புப் போடுறதுக்கு முந்தி.”

“ஆமாம்மா. காப்புப் போட்ட கை எங்கயும் இல்ல. நீங்க நிக்கல.”

சொன்ன பிறகுதான், காளீஸ்வரி நடையில் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தைகளை நான் சொல்லியிருப்பது உறைத்தது. என் முகம் சுட்டது. பொய் சொன்னால்கூட அப்படிச் சுட்டிருக்காது. அம்மா என்னைப் பார்த்தார். பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தார்.

“நீ சொல்லிக் குடுத்தியா?”

“இல்லம்மா.”

“நடையில குசுகுசுன்னு என்ன பேசுன?”

“அம்மா, நீயேதான பாத்த? ஒவ்வொரு கையாப் பெருசாக்கிக் காட்டினாங்கல்ல?”

“எனக்கென்ன தெரியும், கறுப்பும் வெள்ளையுமா. படிச்சவுக ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு, கெழவி மனசு நோகக் கூடாதுன்னு...” எழுந்துவிட்டார். “வேண்டாந்தாயி. உன்னையக் குத்தம் சொல்லல. நல்ல மனசு. நான் வர்றேன்.”

உண்மையை எப்படிச் சொன்னால் உண்மையாக இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. படங்களை மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். இந்த முறை எதையும் வெட்டவில்லை, முழுச் சுவரும்.

“அம்மா, ஒரு நிமிசம். நான் எதையும் மறைக்கல. இதோ முழுசும் இருக்கு. ஓரத்துல இந்த வளையத்தை மட்டும் விட்டிருந்தேன். அது நீங்க வேலைய விட்ட பிறகுதான் வருது. அதுக்கு முன்னாடி அந்த ஆணியில எதுவும் இல்ல. ஏதோ சாவி வளையம்.”

அவர் கதவருகில் நின்றபடியே திரும்பினார்.

“பெருசாக்கு.”

பெரிதாக்கினேன். வளையம் முழு வட்டமாக இல்லை. ஓரிடத்தில் விரல் நுழையாத இடைவெளி. இரண்டு முனைகளிலும் மிளகு அளவுக்கு ஒரு உருண்டை.

அவர் திரைக்கு மிக அருகில் வந்து நின்றார்.

“இது உனக்கு எப்பிடித் தெரியும்?” என்று மகளைக் கேட்டார்.

“எதும்மா?”

“இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்கப்பாகிட்டக்கூட. ஆத்துல போட்டுட்டேன்னுதான் சொன்னேன்.” மறுபடி உட்கார்ந்தார். “இது என் காப்பு.”

காளீஸ்வரி அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“நீ பெறந்து பதினாறு கழிஞ்சிருக்கும். ஞானராஜு சார் வாசல்ல வந்து நின்னாக. ரொட்டியும் ஹார்லிக்ஸும் வாங்கிட்டு வந்திருந்தாக. நான் உள்ள வாங்கன்னு சொல்லல. ‘ஆத்தா காப்பப் பழிச்ச வாயி உங்க வாயி, அது பட்டுத்தான் என் பிள்ளைக்கு விரல் இல்லாமப் போச்சு’ன்னு கத்துனேன். தெருவே பாத்துச்சு. அவுக பதில் பேசல. ‘எந்தக் கை’ன்னு மட்டும் கேட்டாக. பெறகு, ‘காப்புப் போடுறதுக்கு முன்னாலயே உண்டாயிருந்துச்சா பாக்கியம், இல்ல பெறகா?’ன்னாக.”

திரையில் தெரிந்த காப்பைத் தொட்டார்.

“அப்பவும் காப்பத்தான் குத்திக் காட்டுறாகன்னு நெனச்சேன் தாயி. கழட்டி மூஞ்சில எறிஞ்சேன். மேல பட்டுக் கீழ விழுந்து உருண்டு சாக்கடைகிட்டப் போச்சு. குனிஞ்சு எடுத்துட்டுப் போனாக. அப்பறம் நாலஞ்சு வருசத்துல ரத்தத்துல ஏதோ வந்து செத்துப்போனாகன்னு சொன்னாக. கேதத்துக்கு நான் போகல.”

திரையில் ஞானராஜின் விலா எலும்புகள் இருந்தன. நான் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். ஆனாலும் கேட்டேன்.

“நீங்க உட்கார்ந்த பெஞ்ச் எங்கம்மா இருந்துச்சு?”

“கதவ ஒட்டித்தான்.”

“மரக்கதவா?”

“மரந்தான். வெறும் பலகை.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “ஏன்?”

நான் திரைப் பக்கம் திரும்பினேன். அவர் திரையைப் பார்த்தார். அங்கி இல்லாத உடம்பை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அந்த அங்கி கதவின் எந்தப் பக்கத்துக்காகத் தொங்கியது என்று அவரே கண்டுகொண்டது எனக்குத் தெரிந்தது. அவருடைய கை, வாய்க்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

“கண்ணாடிய மறைக்கிறாகன்னு நெனச்சேனே,” என்றார்.

“செம்புக் காப்பு மணிக்கட்டுல இருந்தா நெஞ்சுப் படம் கெடாதா மேடம்?” காளீஸ்வரி மெதுவாகக் கேட்டாள்.

“பிடிக்கிறவங்க கையில இருந்தாக் கெடாது. அவருக்கு அது தெரியாம இருந்திருக்காது.”

“வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே,” என்றார் அம்மா. யாரையோ திட்டுவது போல இருந்தது. பிறகு அவரே சொன்னார்: “எட்டு வருசம் இல்லாதவகிட்ட, ஒரு ஆம்பள, என்னன்னு கேப்பாக? உண்டாயிருக்கேன்னு தெரிஞ்சா மொதலாளி வேலைய விட்டு நிப்பாட்டிருப்பாரு. அதுக்கும் பயந்திருப்பாக.”

வளையத்தை மறுபடி காட்டச் சொன்னார். காட்டினேன். அந்த ஆணி, எக்ஸ்ரே எடுப்பவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிற்கும்போது நேர் எதிரே தெரிகிற இடத்தில் இருந்தது. வேலை பார்த்த கடைசி நாள்வரை, ஒவ்வொரு படத்துக்கும் அதைப் பார்த்துத்தான் பொத்தானை அழுத்தியிருப்பார். பாக்கியத்தை வெளியே அனுப்ப ஒரு நாள் பிந்திவிட்டோமோ, ஒரு வாரம் பிந்திவிட்டோமோ என்று நினைத்திருப்பார். இதை அம்மாவுக்கு நான் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பாக்கியத்தாய் அம்மாள் எழுந்து, திரையைத் தாண்டி, உலைக்குப் பக்கத்தில் போய் நின்றார். சூடு படும் என்று நான் எழுந்தேன். காளீஸ்வரி என்னைத் தடுத்தாள்.

“பெறகுதான் சார்,” என்றார் அவர், மூடிய உலையிடம். “காப்புப் போட்டு ஒருதடவ தலைக்கு ஊத்துனேன். அதுக்குப் பெறகுதான் நின்னுச்சு. முன்னால இல்ல சார். பெறகுதான்.”

காளீஸ்வரி பின்னால் போய், விரலில்லாத கையை அம்மாவின் முதுகில் வைத்தாள். அவர் திரும்பவில்லை.

அவர்கள் போன பிறகு உலையைத் திறந்தேன். ஓடுகள் ஆறிக்கொண்டிருந்தன. கடையில் புதிதாக வாங்கி வந்தவை போல வெள்ளையாக இருந்தன.